கும்பகோணம் மாநகராட்சிச் செய்திகளை வாசிப்பது எப்படி?

நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் மாநகராட்சிச் செய்திகள் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வரும். சொத்து வரி வசூலுக்குச் சிறப்பு முகாம். வாய்க்கால் தூர்வாரும் பணியை மேயர் பார்வையிட்டார். வீடு வீடாகக் கொசுப்புழு ஆய்வு. தெருநாய்களுக்குக் கருத்தடை. நெகிழிப் பை பறிமுதல், கடைக்கு அபராதம். நடுவில் ஒரு படம்: சட்டைப் பையில் பேனாவுடன் நாலைந்து பேர் குனிந்து ஒரு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாசிப்பவர் தன் தெருப்பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

ஆனால் இந்தத் துண்டுச் செய்திகள் எதுவும் தானாக முளைப்பதில்லை. இந்த வேலை ஏன் இந்த மாதம் நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால், பதில் பெரும்பாலும் ஊருக்கு வெளியே கிடைக்கும்: டெல்லியில் ஒரு நிதிக்குழு விதித்த நிபந்தனை, சென்னையிலிருந்து வந்த அரசாணை, நீதிமன்றம் குறித்த கெடு. ஊருக்குள்ளேயே பதில் கிடைக்கும் இடங்களில் அது பெரும்பாலும் ஒரு பழைய துயரமாக இருக்கும். இதை விளக்கக் கும்பகோணத்தை எடுத்துக்கொள்கிறேன். பெயரில் மாநகராட்சி, அளவில் சிறிய நகரம். அதோடு பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இந்தியாவின் கண் முழுவதும் தன்மேல் விழும் ஊர்.

வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் கோயில்களும் குளங்களுமாக இருக்கும் இந்த ஊர் 1866இல் நகராட்சியானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,40,156 பேர். 2021இல் பக்கத்துத் தாராசுரம் பேரூராட்சியையும் சேர்த்து மாநகராட்சியாக உயர்த்தினார்கள். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது, 48 வார்டுகள். முதல் மேயராக வந்த காங்கிரஸ் உறுப்பினர் கே.சரவணன் ஆட்டோ ஓட்டுநர் என்பது அப்போது மாநிலம் முழுவதும் செய்தியானது. அந்தப் பரபரப்பில் இன்னொன்று கவனிக்கப்படாமல் போயிற்று. 2016 அக்டோபரில் முந்தைய மன்றங்களின் காலம் முடிந்தபிறகு, தமிழ்நாட்டின் நகராட்சிகள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. குப்பை அள்ளப்பட்டது, வரி வசூலானது, தெருவிளக்கு எரிந்தது. மன்றம் இல்லாமலும் அலுவலகம் ஓடும் என்று அந்த ஐந்தாண்டு காட்டிவிட்டது. மன்றம் எதற்காக என்ற கேள்விக்கு ஒவ்வொரு கவுன்சிலரும் இன்றும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிரிவுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆணையரின் கீழே பொறியியல், பொது சுகாதாரம், நகரமைப்பு, வருவாய், கணக்கு, பொதுப் பிரிவு. மக்கள் நேரில் பார்ப்பது இரண்டே முகங்களை: பில் கலெக்டரையும் துப்புரவு ஆய்வாளரையும். மற்றவர்கள் கோப்புகளுக்குப் பின்னால் இருப்பவர்கள்.

முதலில் பணம். மாநகராட்சி நாட்காட்டியில் ஆண்டு என்பது இரண்டு அரையாண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. அரையாண்டு பிறந்து முப்பது நாளுக்குள் சொத்து வரி கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஏப்ரலிலும் அக்டோபரிலும் ‘ஊக்கத்தொகை பெறுங்கள்’ என்று ஒலிபெருக்கி வைத்த வண்டி தெருத்தெருவாக வருவது இதனால்தான். பிப்ரவரி, மார்ச்சில் அதே வண்டியின் குரல் மாறிவிடும். நிலுவைக்காரர் பட்டியல், குடிநீர் இணைப்புத் துண்டிப்பு எச்சரிக்கை, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் வசூல் மையம் என்று செய்திகளும் மாறும்.

2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது எல்லா ஊர்களிலும் கவுன்சிலர்கள்தான் ஏச்சு வாங்கினார்கள். பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சென்னை தவிர்த்த நகரங்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தியது மாநில அரசு. மாநில அரசு காட்டிய காரணம் டெல்லியில் இருந்தது. மத்திய வரிப்பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கும் பதினைந்தாவது நிதிக்குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக ஆண்டுதோறும் கூட வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் ஆண்டுக்கு ஆறு சதவீத உயர்வு. 700 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு ஆயிரம் ரூபாய் கட்டியவருக்கு 2022இல் அது 1,500 ஆனது. அதன்மேல் ஆறு சதவீதம் ஏறினால் 1,590. தீர்மானத்தைப் படித்தவர் மேயர், கையைத் தூக்கியவர் கவுன்சிலர், முடிவெடுத்தவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள்.

மாநில அரசு தரும் பங்கிலும் கணக்கு இப்படித்தான். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் நூறு ரூபாய் என்றால் பத்து ரூபாய் உள்ளாட்சிகளுக்கு. அதில் ஊரகத்தின் பங்கு போக நகரங்களின் கைக்கு வருவது ஐந்து ரூபாய்க்கும் குறைவு. இதைத்தான் எல்லா மாநகராட்சிகளும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்கு பிரிக்க மக்கள்தொகை முக்கிய அளவுகோல். கையிலிருந்ததோ 2011 கணக்கு. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், பத்தாண்டுக்கு மேலாக ஊர் விரிந்தும் தலைக்கணக்கு விரியவில்லை.

வந்த பணமும் முழுக்கக் கையில் தங்குவதில்லை. பதினைந்தாவது நிதிக்குழுவின் 2021–26 காலத்தில் இத்தகைய நகரங்களுக்கான மானியத்தில் அறுபது சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று கட்டிவைக்கப்பட்டது. தெருவில் சாலை பெயர்ந்து கிடக்கும்போது பேட்டரி குப்பை வண்டி வாங்கத் தீர்மானம் வருகிறதே என்று மக்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது; வண்டிக்கு வந்த பணத்தில் சாலை போட முடியாது என்பதும் உண்மை. ஆணையர் இதை மன்றத்தில் விளக்குவார், கவுன்சிலர் கோபத்தோடு உட்காருவார். ‘காரசார விவாதம்’ என்று மறுநாள் வரும் செய்தியில் பாதி இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

மன்றக் கூட்டத்தின் மொழியில் ஒரு சொல்லைக் கவனித்துக்கொள்வது நல்லது: பின்னேற்பு. அவசரம் கருதி ஆணையர் முதலில் செலவு செய்துவிட்டு, பிறகு மன்றத்தின் ஒப்புதலுக்கு வைப்பது. மோட்டார் எரிந்துபோய் ஒரு பகுதிக்குத் தண்ணீர் நின்றால் கூட்டம் கூடும்வரை காத்திருக்க முடியாது. அந்த அளவில் இது தேவையான ஏற்பாடு. ஆனால் கூட்டப் பொருள்களில் பின்னேற்பு எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அந்த மன்றம் முடிவெடுக்கிறதா அல்லது முடிந்ததற்குக் கையெழுத்துப் போடுகிறதா என்று தெரிந்துவிடும். நிருபர்கள் வெளிநடப்பை எண்ணுகிறார்கள், இதை எண்ணுவதில்லை. கவுன்சிலருக்கு 2023 ஜூலை முதல் மாநகராட்சிகளில் மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். அந்தத் தொகைக்கு அவர் பொருள்பட்டியலை முழுதாக வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை இல்லை.

அடுத்து கொசு. இதை அவசரமாகக் கடந்துவிட எனக்கு மனமில்லை, ஏனெனில் கும்பகோணத்தின் பொது சுகாதார வரலாறே கொசுவின் வரலாறுதான். யானைக்கால் நோய்க்கு இந்த ஊர் ஒரு காலத்தில் பெயர்போனது. அந்த நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடையில் வளரும். நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் ரத்த ஓட்டத்துக்கு வரும் என்பதால் ரத்தம் எடுப்பவர்களும் இரவில்தான் வருவார்கள். எட்டு மணிக்கு மேல் கதவைத் தட்டி, தூங்கும் குழந்தையின் விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எடுத்துப் போவார்கள். திறந்த சாக்கடை மூடிய பாதாளச் சாக்கடையாக மாறுவதை இத்தகைய ஊர்களில் பொறியியல் வேலை என்று மட்டும் பார்க்க முடியாது.

இப்போது பயமெல்லாம் டெங்கு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. நல்ல தண்ணீர் வேண்டும், அதுவும் வீட்டுக்குள். தொட்டி, டிரம், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர், கொட்டாங்கச்சி. பகலில் கடிக்கும். புகை மருந்து அடித்தால் பறக்கும் கொசு சாகும், தொட்டிக்குள் நெளியும் புழு பிழைத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் புதுக் கூட்டம் தயார். ஆனாலும் மக்கள் கேட்பது புகையைத்தான். புகை கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் போடுகிறது, கவுன்சிலர் வண்டியோடு நடந்து வருகிறார். தொட்டியை எட்டிப் பார்த்து, கரண்டியால் புழுவை அள்ளிக் காட்டும் பெண்ணுக்கு வரவேற்பு கிடைப்பதில்லை. ‘டி.பி.சி. பணியாளர்’ (வீட்டுக் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்) என்று அழைக்கப்படும் இவர்கள் பெரும்பாலும் தினக்கூலிக்காரர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் இவர்களைப் பற்றிய செய்தி வரும், தை பிறந்ததும் நின்றுவிடும். மழைக்கு முன்பே அந்தத் தொட்டிகளைப் பார்க்கத் தொடங்குவதுதான் சரி. ஜூலையில் கொசுச் செய்திக்கு இடம் கிடைக்காது, அவ்வளவுதான்.

துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை 2020இல் அரசு தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. பெயர் மாறியதும் வேலையின் தன்மையும் மாறிக்கொண்டே வந்தது, வேறு திசையில். 2022 அக்டோபரில் வந்த அரசாணை எண் 152, மாநகராட்சிகளில் கீழ்நிலைப் பணியிடங்கள் பலவற்றை வெளி நிறுவனங்கள் வழியாக நிரப்பும் வழியைத் திறந்தது. தொழிற்சங்கங்கள் இன்றுவரை அதை எதிர்த்துக்கொண்டிருக்கின்றன. நகராட்சியாக இருந்தது மாநகராட்சியாக உயர்ந்தால் கௌரவம் கூடும் என்று நினைத்த ஊர்களில், அந்த உயர்வோடு சேர்ந்து வந்தது இந்த ஆணை. குப்பைக் கிடங்கின் கதை மட்டும் கும்பகோணத்தில் கொஞ்சம் மாறுபட்டது. கரிக்குளத்தில் பல்லாண்டாக மலைபோல் குவிந்த பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் முறையை மாநிலத்தில் பல நகரங்கள் யோசிப்பதற்கு முன்பே இந்த ஊர் எடுத்துக்கொண்டது. ஆனால் பழைய மலையைக் கரைப்பது ஒரு முறை வேலை. புதுமலை சேராமல் பார்ப்பது தினசரி வேலை. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே தரம் பிரிக்கச் சொன்னதும் இதற்காகத்தான். மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று இரண்டு வாளி வைப்பது முதல் வாரம் நடக்கும். பிரித்துக் கொடுத்ததை வண்டிக்காரர் ஒன்றாகக் கொட்டுவதை ஒரு முறை பார்த்துவிட்டால் எந்த வீட்டிலும் இரண்டாவது வாளி காணாமல் போய்விடும்.

குளங்கள் விஷயத்தில்தான் கும்பகோணம் வேறு எந்த ஊரையும்விடச் சிக்கலானது. ஊரில் 44 குளங்கள், 11 வாய்க்கால்கள் என்பது கணக்கு. காவிரித் தண்ணீர் வாய்க்கால் வழியே குளத்துக்கு வந்து, நிரம்பி, அடுத்த குளத்துக்குப் போய், கடைசியில் அரசலாற்றுப் பக்கம் வடிவது பழைய அமைப்பு. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன் வாய்க்கால் சுத்தமாக இருக்க வேண்டும். அதனால்தான் தூர்வாரும் படங்கள் கோடையில் வருகின்றன. ஆக்கிரமிப்பு பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், அகற்றும்படி உத்தரவும் வந்தது. உத்தரவு வந்த பிறகும் வேலை இழுப்பதற்கு அலட்சியத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. ஆறும் பெரிய வாய்க்காலும் நீர்வளத் துறை. கோயில் குளங்கள் அறநிலையத் துறை. குளத்தைச் சுற்றும் சாலை சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறை. பட்டா, புறம்போக்கு என்று சொல்ல வேண்டியது வருவாய்த் துறையின் நில அளவையர். மிச்சம் மாநகராட்சி. ஆனால் துர்நாற்றம் அடித்தால் தொலைபேசி ஒலிப்பது மாநகராட்சியில்தான், ஏனென்றால் குளத்தில் கலக்கும் சாக்கடை அவர்களுடையது. ‘நாலு துறை அதிகாரிகள் கூட்டாய்வு’ என்ற செய்தியை வாசித்தால் எரிச்சல்படாமல் ஒன்றை மட்டும் பாருங்கள்: நில அளவையர் வந்தாரா? அவர் சங்கிலியோடு வந்திருந்தால் ஏதாவது நடக்கப்போகிறது என்று பொருள்.

நகரமைப்புப் பிரிவு எந்த ஊரிலும் அதிகம் பேசப்படாத பிரிவு. இங்கே அதற்கு இரண்டு சுமைகள் கூடுதல். ஒன்று, தாராசுரம் ஐராவதீசுவரர் கோயில். 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் தனி அனுமதி வேண்டும் என்பது மத்தியச் சட்டம். பேரூராட்சியாக இருந்தபோது அந்த ஊர் சமாளித்ததை இப்போது மாநகராட்சி சமாளிக்கிறது. மகளுக்கு மாடியில் ஓர் அறை கட்ட நினைக்கும் நெசவாளருக்கு, கோயில் எட்டாம் நூற்றாண்டா பன்னிரண்டாம் நூற்றாண்டா என்பதைவிட இந்த மீட்டர் கணக்கு முக்கியமானது.

மற்றொன்று 2004 ஜூலை 16. சமையல் கூடத்தில் பிடித்த நெருப்பு ஓலைக் கூரைக்குத் தாவி, ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் இறந்த நாள். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது; 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்தத் தீக்குப் பின் தமிழகப் பள்ளிகளில் ஓலைக் கூரை இறங்கியது. கட்டட அனுமதி என்பது வெறும் கட்டணமும் முத்திரையும் இல்லை என்று இந்த ஊருக்கு எவரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2024 ஜூலையில் மாநில அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது: 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம், முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை. வீடு கட்டும் சாமானியருக்கு இது பெரிய நிம்மதி; நடையும் ‘கவனிப்பும்’ மிச்சம். நான் இதை வரவேற்கிறேன். ஆனால் வீட்டு வரைபடத்தில் அனுமதி வாங்கிக் கீழ்த்தளத்தில் டியூஷன் மையமோ தங்கும் விடுதியோ நடத்தினால் அதைப் பிறகு போய்ப் பார்க்க ஆள் வேண்டும். மிச்சமான நேரத்தில் நகரமைப்பு ஆய்வாளர் அதைச் செய்கிறாரா என்பதை எந்தச் செய்தியும் சொல்வதில்லை.

தெருநாய்ச் செய்திகளுக்கு இரண்டு தேதிகள் போதும். 2023 விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அந்தப் பொறுப்பு உள்ளாட்சியுடையது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, அங்கேயே திரும்ப விடக்கூடாது என்றது. அகற்றினால் வைக்கக் காப்பகம் வேண்டும். காப்பகத்துக்கு இடம் வேண்டும். எந்த வார்டு கவுன்சிலரும் தன் வார்டில் வேண்டாம் என்பார்.

மக்கள் நேரடியாகப் பேசுவதற்கென்று ஓர் இடம் சட்டத்தில் இருக்கிறது. 2022 விதிகள் வார்டு குழுக்களையும் பகுதி சபைகளையும் ஏற்படுத்தின. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், முதல்வர் ஸ்டாலினே பம்மலில் ஒரு சபையில் உட்கார்ந்தார். கிராம சபைக்கு இருக்கும் பழக்கமும் பிடிவாதமும் நகரத்துச் சபைக்கு இன்னும் வரவில்லை. 2025இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் மாற்றுத்திறனாளிகளை மன்றத்தில் நியமன உறுப்பினர்களாக்கியிருக்கிறது. நடைபாதைச் சரிவும் அலுவலகப் படிக்கட்டும் இனியாவது கூட்டப் பொருளாகும்.

கடைசியாக, கும்பகோணத்துக்கு மட்டும் உரிய கெடு: மகாமகம். 1992இல் குளக்கரை நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த 2004, 2016 மகாமகங்களில் எங்கே தடுப்பு, எந்த வழி உள்ளே, எந்த வழி வெளியே என்பதெல்லாம் அந்த நினைவை வைத்தே வகுக்கப்பட்டன. அடுத்தது 2028 மாசியில். தற்காலிகக் கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, குளத்து நீரின் குளோரின் அளவு, ஊருக்கு வெளியே பேருந்து நிறுத்தம் என்று மாநகராட்சியின் எல்லாப் பிரிவும் ஒரே நேரத்தில் ஒரே குளத்தைப் பார்க்கும் நாட்கள் அவை. சாலை அகலப்படுத்துவது, வடிகால் சீரமைப்பு, தங்குமிடம் என்று இனி வரும் ஒவ்வொரு ஒப்பந்தப்புள்ளியிலும் மகாமகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டே வரும். அதில் எது திருவிழாவுக்கு, எது அதன் பெயரால் கிடைக்கும் நிதிக்கு என்று பிரித்துப் பார்ப்பது வாசகரின் பாடு.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. திட்டமிடுவது இந்த மன்றம். மகாமக நாளில் குளக்கரையில் நிற்கப்போவது அடுத்த மன்றம். தேர்தல் 2016போல் தள்ளிப்போனால், தனி அலுவலர்.